நாற்பத்திரண்டாம் வரி, இரண்டு முறை

வாங்குகிறவர்கள் கிட்டே வாருங்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நில்லுங்கள். நான் வாழ்நாளில் பேரம் பேச விடாமல் கொடுக்கிற சரக்கு இது ஒன்றுதான்.

இரண்டு கடல்களுக்கு நடுவில் நெருக்கிப் பிடித்த இடுப்பு மாதிரிக் கிடக்கிறது எங்கள் நாடு. அதில் எரிமலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற சாந்தா எமேரிதா என்னும் ஊரில், வியாழக்கிழமைச் சந்தை நிறைந்து வழிந்த ஒரு காலையில், பட்டாளத்துக்காரர்கள் அன்செல்மோ வாத்தியாரைக் கோவில் படிக்கட்டில் நிறுத்திச் சுட்டார்கள். சுடுவதற்கு முன்னால் அவர் சட்டைப்பையில் இருந்த கவிதைத் தாளை உருவி, அவர் கண்ணெதிரிலேயே எரித்தார்கள். தாள் சாம்பலாயிற்று, வாத்தியார் விழுந்தார், கவிதை மட்டும் விழவில்லை. அறுபத்துமூன்று வரிகளும் சந்தையில் நின்றிருந்த அறுபத்துமூன்று பேரின் வாயில் ஆளுக்கொன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டன. கிணற்றடியில் உப்பு அளந்துகொண்டிருந்தவன் விலை சொல்ல வாயைத் திறந்து, "இதுதான் என் நாடு, எண்ணிப் பாருங்கள், ஆள் குறைகிறது" என்றான். கோழிக்காரி ஒரு வரி சொன்னாள், மெழுகுவர்த்திக்காரன் ஒரு வரி சொன்னான், கடைசியில் கோவில் மணி அடிக்கிறவன் கயிற்றை விட்டுவிட்டு, "குறைந்தவர்களையும் சேர்த்துத்தான் நாடு" என்றான். பிறகு எல்லோரும் அவரவர் வியாபாரத்தைப் பார்த்தோம். பயமாக இருந்தது. அதோடு வெயில் ஏறினால் தக்காளி அழுகிவிடும்.

நடுவில் இருந்த அறுபத்தொரு வரிகளும் அறுபத்தொரு ஆட்கள். ஐந்து வருஷத்தில் எங்கள் ஊரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய், திருப்பிக் கொண்டுவராத ஆட்கள். அவர்கள் பேரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு இருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டை எரித்திருந்தார்கள், வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்களைக்கூட விடவில்லை. சொல்லாத பேர் துருப்பிடிக்கும். மூன்றாவது வருஷத்திலேயே பெற்றவர்களுக்குப் பிள்ளைகளின் மூக்கு மறந்துபோக ஆரம்பித்தது, அப்புறம் குரல், அப்புறம் பேரின் முதல் எழுத்து. அந்தச் சமயத்தில்தான் வாத்தியார் ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று எழுதி முடித்தார். வரி வாயில் விழுந்த நொடியில் எல்லாப் பிள்ளைகளும் திரும்ப ஞாபகத்துக்கு வந்தார்கள், பல்லிடுக்கோடும் தழும்போடும்.

வாத்தியார் ஒரு குசும்பு செய்திருந்தார். யாருடைய பிள்ளையின் வரியும் அவரவர் வாயில் விழவில்லை. உன் பிள்ளையைக் கேட்க வேண்டுமென்றால் நீ இன்னொருவன் கடைக்குப் போய் நிற்க வேண்டும், அவன் உனக்கு ஜென்ம விரோதியாக இருந்தாலும். வேலித் தகராறில் வெட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் ஒருவர் கடையில் ஒருவர் தினமும் பூண்டு வாங்கின. ஊரில் பூண்டு வாசனை அதிகமாயிற்று, வெட்டுக்குத்து குறைந்தது.

சந்தையை மாற்றிப் போட்டோம். யாரும் கூட்டம் கூட்டித் தீர்மானம் போடவில்லை. வரிசை தப்பினால் காதுக்குக் கசந்தது, அவ்வளவுதான். கோழிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி, அதற்குப் பக்கத்தில் லாடம், அதற்குப் பக்கத்தில் கல்யாண முக்காடு. வெளியூர் வியாபாரிகள் இது என்ன பைத்தியக்காரச் சந்தை என்று திட்டினார்கள். கிணற்றிலிருந்து கோவில்வரை கூடையோடு நடந்தால் கவிதையை முழுசாகக் கேட்டுவிடலாம். யாராவது செத்தால், கண்ணை மூடிவிடுகிற கைக்குரியவர் வாய்க்கு அந்த வரி போகும். பெண் பார்க்க வருகிறவர்கள் மாடு எத்தனை என்று கேட்டுவிட்டு, வரி எத்தனையாவது என்றும் கேட்டார்கள்.

என் பேர் கசில்தா. காய்ந்த மிளகாயும் கறுப்பு அவரையும் விற்கிறவள். எட்டு வயதில் காப்பித் தோட்டத்திலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்து, அடுத்தவர்கள் மூட்டையைச் சுமந்து, அடிபட்டு, திருப்பி அடித்து, மூன்று முழத் துணி விரித்த இடத்தை எனக்கென்று பிடித்தவள். என் கடை நாற்பத்தொன்றாவது. நாற்பத்திரண்டாவது பெத்ரோனா, மாவு மில்காரி. சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்த சோளத்தை அரைத்துக் கொண்டுவந்து விற்பாள். மில்லில் எது உடைந்தாலும் செம்புக் கம்பியால் கட்டுவாள், சல்லடையை, வார்ப்பட்டையை, தன் மூக்குக் கண்ணாடியை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நுனியை உள்பக்கம் மடக்கி ஓர் அமுக்கு. அந்த முடிச்சை நான் இருட்டிலும் தடவிச் சொல்வேன். என் கூடைப் பிடியும் அவள் கட்டியதுதான்.

என் மகன் இலாரியோவின் வரி அவள் வாயில் இருந்தது. "இலாரியோ, பச்சைச் சட்டை, ஆற்றுக்குப் போனான், ஆறு மட்டும் திரும்பி வந்தது." பத்தொன்பது வயது. தினமும் காலையில் கடை விரித்ததும் நான் அவள் பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல் ஒரு கை மாவு வாங்குவேன்.

"கொமாத்ரே, நேத்து வாங்கின மாவே உன் வீட்ல புளிச்சுக்கிட்டு இருக்கு" என்பாள்.

"உனக்கென்ன. போடு. எடைய ஒழுங்காப் போடு, கட்டை விரலைத் தட்டுல வைக்காத."

அவள் கட்டை விரலை எடுப்பாள். வரியைச் சொல்வாள்.

கொமாத்ரே என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒருத்தியின் பிள்ளையை இன்னொருத்தி ஞானஸ்நானத் தொட்டியில் கையில் ஏந்தினால், ஏந்தியவள் பிள்ளைக்கு ஞானத்தாய், பெற்றவளுக்குக் கொமாத்ரே. பெற்ற உறவு அறுந்தாலும் இது அறுக்கக் கூடாது. தண்ணீர் சாட்சி.

என் வாயில் இருந்த வரி என்ன என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

நான்கு வருஷம் போயிற்று. வாயைச் சுட்டால் வரி கண்ணை மூடுகிறவனுக்குப் போய்விடுகிறது என்பது பட்டாளத்துக்குப் புரிந்ததும், தலைநகரிலிருந்து கோவேறு கழுதையில் ஓர் ஆளை அனுப்பினார்கள். மெலிந்த ஆள், மரியாதையான பேச்சு, இரண்டு பக்கமும் வைக்கோல் சுற்றிய கண்ணாடி ஜாடிகள். ஜாடிக்குள் வாயை வைத்து வரியைச் சொன்னால் மூடியைத் திருகிவிடுவான். வரி அதோடு போய்விடும், அந்த வரியில் இருந்த ஆளும் ஊர் ஞாபகத்திலிருந்தே போய்விடுவான். உப்புக்காரனுக்கு நிலம் தருகிறேன் என்றான், அவன் காறித் துப்பினான். கோழிக்காரியை மிரட்டினான், அவள் தன் கூண்டுகள் நசுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். முகாமில் ஒரு மேசை, மேசைமேல் திறந்த ஜாடி.

"உட்காருங்கம்மா. என்ன வேணும், சொல்லுங்க."

"விக்கறவ வாயிலிருந்து முதல் விலை வராது" என்றேன்.

அவன் சிரித்தான். "உங்க பையன் கிடக்கிற இடம் எங்களுக்குத் தெரியும்."

நான் சந்தையில் வளர்ந்தவள், முகத்தைக் காட்டவில்லை. "இடத்தை வெச்சு நான் என்ன பண்றது. ஆளைக் கொடு. முழுசா. ஒரு விரல் குறைஞ்சாலும் வியாபாரம் இல்ல" என்றேன்.

அரை நாள் பேசினோம். நான் இரண்டு முறை எழுந்து வாசல்வரை போனேன், இரண்டு முறையும் அவன் கூப்பிட்டான். நான் செய்ததிலேயே திறமையான பேரம் அது. மறுநாள் சாக்கு வந்தது. வலது தோள் எலும்பைத் தேடி எடுத்தேன். இலாரியோ ஒன்பது வயதில் மூட்டையோடு விழுந்து உடைந்து, கோணலாகக் கூடிய எலும்பு. கோணல் அங்கேயே இருந்தது. என் மகன்தான். ஜாடிக்காரன் என்னை ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் இத்தனை வருஷமாக அவனைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன்.

ஜாடியை நெருக்கி வைத்தான். சொன்னேன். மூடியைத் திருகினான்.

சாக்கைத் தோளில் ஏற்றியதும், ஐம்பது வருஷப் பழக்கம், என் வாய் தானாகக் கேட்டது: "கொசுறு?"

"என்னது?"

"எங்க சந்தைல கொசுறு போடாம வியாபாரம் முடியாது. கைய உள்ள விட்டு ஏதாவது ஒண்ணு போடு."

பக்கத்தில் நின்ற சிப்பாய்க்கு வேடிக்கையாக இருந்தது. சாக்கு வந்த அதே குழியிலிருந்து அள்ளி வந்த பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதில் கையை விட்டு, பார்க்காமலே எடுத்து, என் சாக்குக்குள் எறிந்தான். ஒற்றைச் செருப்பு. என் உள்ளங்கை நீளம்கூட இல்லை.

யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது. இலாரியோவை மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் புதைத்தேன். செருப்பைப் புதைக்கக் கை வரவில்லை. கொசுறாக வந்ததை எறியக் கூடாது. கடைப்பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு என் கடை முன்னால் வந்தால் எல்லோருக்கும் ஓர் அடி தவறியது, கீழே இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அது இல்லாமல் போவதுபோல. முதலில் தண்ணீர்க் குடத்தோடு ஒருத்தி விழுந்தாள். அப்புறம் எல்லோரும் பழகிக்கொண்டார்கள், நாற்பதாவது கடை தாண்டியதும் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்கள். தொண்டை கட்டிவிட்டது என்றேன். மாடு பால் வற்றுவதுபோல வரியும் சிலருக்கு வற்றும் என்று ஊர் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்து எனக்குக் கொடுத்தது. முகாமுக்கு நான் போனதையும் சாக்கோடு வந்ததையும் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் அந்தக் காரணத்தையே வாங்கிக்கொண்டார்கள்.

பெத்ரோனா மட்டும் தினமும் காலையில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு தன் கடையை விட்டு வந்து என் கடை முன்னால் நிற்க ஆரம்பித்தாள். ஆரம்பித்தாள் என்று நான் நினைத்தேன். அதற்கு முந்தைய நான்கு வருஷமும் அப்படித்தான் வந்து நின்றிருக்கிறாள்.

"என்ன வேணும் கொமாத்ரே?"

"தெரியல. கால் கொண்டுவந்து விட்டுச்சு."

நிற்பாள். மிளகாயை ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள். திரும்பிப் போவாள். மறுநாளும் வருவாள். மூன்று வருஷம்.

இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் லாடக்காரன் கிண்டலாகக் கேட்டான்: "ஏன் கசில்தா, உன் மகனுக்கு ஞானத்தாய் உன் அக்காதானே. பெத்ரோனாவுக்குப் பிள்ளையே இல்ல. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எந்தத் தண்ணியில கொமாத்ரே ஆனீங்க?"

சந்தையே சிரித்தது. பெத்ரோனாவும் சிரித்தாள். "பழக்கம்டா, வாயில வந்துடுச்சு" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் கடையைக் கட்டும்போது பெட்டிக்கு அடியில் கையை விட்டு அந்தச் செருப்பை எடுத்தேன். வார் அறுந்த இடத்தில் செம்புக் கம்பி. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நுனியை உள்பக்கம் மடக்கி ஓர் அமுக்கு. பிள்ளையின் காலில் குத்தாமல் இருக்க.

விற்கும்போது எனக்குத் தெரிந்துதான் விற்றிருப்பேன். நான் தொட்டியில் ஏந்திய பிள்ளை என்று தெரிந்து, அதன் பேரை என் வாயாலேயே சொல்லி, ஜாடிக்குள் விட்டிருப்பேன். எவ்வளவு நேரம் தயங்கினேன், அழுதேனா, ஒன்றும் தெரியாது. அந்தத் தெரிதலும் வரியோடு போய்விட்டது.

இன்னும் ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. என் தைரியம் பேரத்துக்குத்தான் ஆகும்.

பிறகு சமாதானம் கையெழுத்தாயிற்று. தலைநகரிலிருந்து தகவல் வந்தது: சாந்தா எமேரிதாவின் கவிதையை நாட்டின் கவிதையாக அறிவிக்கப் போகிறார்கள், அடுத்த வியாழக்கிழமை பதிவு இயந்திரத்தோடு வருவார்கள், ஒவ்வொருவரும் அவரவர் வரியைச் சொல்ல வேண்டும், அது புத்தகமாகும், எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் படிப்பார்கள். ஊர் கோவிலுக்குச் சுண்ணாம்பு அடித்தது. அச்சில் ஏறிய ஓட்டையை அப்புறம் எந்தக் கம்பியாலும் கட்ட முடியாது.

புதன்கிழமை மதியம், மில் ஓய்ந்திருந்த நேரத்தில், செருப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். பெத்ரோனா சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். துணியைப் பிரித்து மாவுப் பலகைமேல் வைத்தேன்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். முடிச்சைத் தொட்டாள்.

"இது நான் கட்டினது."

"ஆமா."

"யாரு காலு?"

"தெரியல, கொமாத்ரே. தெரியாமப் போகப் பண்ணினது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, சாக்கு, தோள் எலும்பு, கொசுறு. முடித்ததும் அவள் செருப்பைத் தன் உள்ளங்கையில் வைத்து அளந்தாள்.

"ஏழு வயசு இருக்குமா?"

"ஆறு, ஏழு."

"பொண்ணுதான். இந்தப் பூப்போட்ட வாரு பொண்ணுக்குத்தான் வாங்குவாங்க." வாரைத் தடவிக்கொண்டே, "வீட்ல ஒரு சின்னக் கட்டில் இருக்கு. அதுல நான் சோளப்பை அடுக்கி வெச்சிருக்கேன். யாரு இவ்வளவு சின்னக் கட்டில் செஞ்சாங்கன்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்" என்றாள்.

அவள் அடிப்பாள் என்று நினைத்துப் போயிருந்தேன். சல்லடையால் முகத்தில் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அடிக்காமல் நின்றாள். எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பேசினேன்.

"நாளைக்கு இலாரியோ வரியை நீ சொல்லாத. விட்டுடு. உன்னோடது போச்சு, என்னோடதும் போகட்டும். சரிக்குச் சரி."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"கசில்தா. உன் சந்தைப் புத்திய என் மில்லுக்குள்ள கொண்டுவராத. ஏழு வருஷமா அந்தப் பையன் என் வாயில இருக்கான். உனக்காகவா வெச்சிருக்கேன்? போ. மாவு ஈரமாகுது." என் கண்ணிலிருந்து விழுந்துகொண்டிருந்தது அவள் மாவில். நான் கவனிக்கவில்லை.

கொமாத்ரே என்று சொல்லாமல் அவள் என்னைக் கூப்பிட்டது அது ஒரு தடவைதான்.

வியாழக்கிழமை வந்தார்கள். சக்கரம் சுற்றும் இயந்திரம், அதைத் தூக்க இரண்டு பேர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்த ஓர் அமைச்சர். உப்புக்காரன் ஆரம்பித்தான், இதுதான் என் நாடு, எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கடையாக இயந்திரம் நகர்ந்தது, ஒவ்வொரு பிள்ளையாக வந்து நின்று போனது, ஊர் பின்னாலேயே நடந்தது, தன் பிள்ளை வரும்போது ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள், மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்பதாவது வரி முடிந்தது. என் முன்னால் வந்த அமைச்சருக்கு அடி தவறியது. தொப்பி விழுந்தது. இயந்திரத்தின் குழல் என் வாயருகே வந்தது.

திறந்தேன். ஒன்றும் இல்லை. சக்கரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பக்கத்துக் கடையிலிருந்து பெத்ரோனா சொன்னாள், "இலாரியோ, பச்சைச் சட்டை, ஆற்றுக்குப் போனான், ஆறு மட்டும் திரும்பி வந்தது."

குழல் அவள் பக்கம் நகர்ந்தது. அவள் முன்றானைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள். மறுபடி சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் கதவைச் சாத்துகிற மாதிரி. "இலாரியோ, பச்சைச் சட்டை, ஆற்றுக்குப் போனான், ஆறு மட்டும் திரும்பி வந்தது."

"இரண்டு முறையா வருகிறது?" என்று அமைச்சர் கேட்டார்.

"ரெண்டு முறைதான்" என்றாள் பெத்ரோனா.

லாடக்காரன் குனிந்து தொப்பியை எடுத்துத் தட்டிக் கொடுத்தான். நாற்பத்துமூன்றாவது கடை தன் வரியைச் சொன்னது.

இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போன பிறகு அவளிடம் ஏன் என்று கேட்டேன்.

"அவளுக்கு ஒரு இடம் வேணும். என்கிட்ட வார்த்தை இல்ல. உன் மகன் கிட்ட கொஞ்சம் வாங்கிக் கொடுத்தேன். அவன் பெரிய பையன், பாத்துக்குவான்" என்றாள். மாவுத் தட்டைக் கவிழ்த்துத் தட்டினாள். "கொமாத்ரே, அந்தப் பக்கம் பிடி."

புத்தகம் வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் எழுதினார்கள், தலைநகர் மைதானத்தில் கல்லில் வெட்டினார்கள், என் மகன் பேர் இரண்டு தடவை. போன மழைக்காலத்தில் பெத்ரோனா போனாள். அந்தச் சின்னக் கட்டிலைப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லி, சோளப்பைகளை இறக்கச் சொல்லி, கண்ணை மூட என் கையைத்தான் கேட்டாள். யாருடைய பிள்ளையும் அவரவர் வாயில் வராது என்பது வாத்தியார் போட்ட விதி. அவள் கண்ணை மூடினேன், விதி பார்க்காமல் வரி என் வாய்க்கு வந்தது, செருப்பும் என் பெட்டிக்கு அடியில் திரும்பி வந்தது. இப்போது என் மகனைக் கேட்க நான் யார் கடைக்கும் போக வேண்டியதில்லை. மாவும் வாங்குவதில்லை. இப்போது இரண்டு கடையிலும் நானே நிற்கிறேன்.

போன வாரம் தலைநகரிலிருந்து, கல்லூரியில் பாடம் சொல்லித் தருகிற ஒரு அம்மணி வந்தாள். கையில் அந்தப் புத்தகம், பக்கம் முழுக்கப் பென்சில் கோடு. நாற்பத்திரண்டாம் வரி திரும்ப வருவதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாளாம். அதுதான் கவிதையின் இதயம், ஒரு தேசமே தன் மகனைத் திரும்பிப் பார்க்கிற இடம் என்றாள். நல்ல பெண். வெயிலில் நடந்து முகமெல்லாம் சிவந்திருந்தது. சொல்லிக் காட்டச் சொன்னாள், சொன்னேன். ஒரு தடவை. பிறகு பெட்டிக்கு அடியில் கையை விட்டு, அந்தக் கம்பி முடிச்சில் விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை.

"முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் என்ன வித்தியாசம், பாட்டி?" என்று கேட்டாள், பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டு.

அவள் கேட்ட அவரையை அளந்து பையில் கொட்டினேன். மேலே ஒரு கை மிளகாய் அள்ளிப் போட்டேன். எவ்வளவு என்று பணப்பையைத் திறந்தாள்.

"அவரைக்கு மட்டும் கொடு" என்றேன். "கொசுறுக்கு விலை கேக்கக் கூடாது."